பட்டி பார்க்காமல் விற்ற வீடு

கடலூர் செம்மண்டலத்தில் இருந்த எங்கள் வீட்டை விற்பது என்று முடிவு செய்த நாளிலிருந்து, பார்க்கிறவர்கள் எல்லோரும் எனக்கு ஒரே புத்திமதியைத்தான் சொன்னார்கள். பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, அப்புறம் விற்க வேண்டும். சொன்னவர்களில் ஒருவர்கூட விரிசலைச் சரி பண்ணு, ஒழுகலை நிறுத்து என்று சொல்லவில்லை. மறைத்துவிடு என்றுதான் சொன்னார்கள். அதையும் என் மேல் இருக்கும் அக்கறையில் சொல்வதுபோலச் சொன்னார்கள். எனக்கு எரிச்சல் அதில்தான் ஆரம்பித்தது.

நானும் என் கணவரும் கட்டிய வீடு அது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிறேன். தினமும் காலையில் கடலூரில் பஸ் ஏறிப் போய் சாயங்காலம் திரும்புவேன். அவர் இருந்தவரை அந்த அலைச்சல் பெரிதாகத் தெரியவில்லை. பக்கவாதம் வந்து, எட்டு மாதம் படுத்த படுக்கையாக இருந்து அவர் போன பிறகு, பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குத் திரும்பி வருவதற்காக அவ்வளவு தூரம் பஸ்ஸில் நின்றுகொண்டு வருவது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. முட்டி வலி வேறு. அந்த நேரத்தில் சிதம்பரத்தில் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளி இரண்டே அறை உள்ள ஒரு சின்ன வீடு விலைக்கு வந்தது. முன்பணம் கொடுத்து, ஆவணி முடிவதற்குள் பத்திரம் பதிந்துகொள்கிறேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். கடலூர் வீடு விற்றால்தான் சிதம்பரம் வீடு. விற்காவிட்டால் அதுவும் போச்சு, கொடுத்த முன்பணமும் போச்சு.

முதலில் கொத்தனாரை வரச் சொன்னேன். வடக்குச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து தரை வரை சாய்வாக ஒரு விரிசல் ஓடும். முன்பு அடித்த புயலில் பக்கத்து மனைத் தென்னைமரம் வந்து சாய்ந்ததில் விழுந்தது. அவர் அதைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே சொன்னார்.

"பிரிச்சு, கம்பி போட்டுப் பூசணும்னா வேலை ஜாஸ்திம்மா. பட்டி வச்சு இழுத்து விட்டுட்டா ஒரு மழைக்குத் தாங்கும்."

"அடுத்த மழைக்கு?"

"அதுக்குள்ள நீங்கதான் வித்துடுவீங்களே."

கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை மனிதர். அடுத்த மழையில் அந்தச் சுவரைப் பார்த்து வயிறு எரியப் போகிறவர்கள் யாரோ, எங்கேயோ இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி நமக்கு என்ன என்கிற மாதிரி. நான் அவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். முழுதாகச் செப்பனிட என்னிடம் பணமும் இல்லை, ஆள் பின்னால் அலைய உடம்பும் இல்லை. பொய்யாகச் செப்பனிட மனசு இல்லை. சரி, இருக்கிறபடியே விற்போம் என்று அன்றைக்குத்தான் தீர்மானித்தேன்.

ஆபீசில் உட்கார்ந்து ஒரு கோடு போட்ட தாளில் எழுதினேன். மேலே 'வீட்டில் உள்ள குறைகள்' என்று தலைப்பு. வடக்குச் சுவர் விரிசல். அடுப்படிக்கு மேலே தளம் ஒழுகும். போர் தண்ணீர் லேசான உப்பு. குளியலறைக் கதவு உப்பிப்போய் மூடாது. மழைக்காலத்தில் செப்டிக் டேங்க் சீக்கிரம் நிரம்பும். வயரிங் பழசு, இரண்டு இடத்தில் ஸ்விட்சைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கும். எழுதி முடித்து, பள்ளிக்கூடத்துக்கு எதிர்க் கடையில் இருபது ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன். வீடு பார்க்க வருகிற ஒவ்வொருவருக்கும் முதலில் தண்ணீர், பிறகு இந்தத் தாள்.

புரோக்கர் அதைப் படித்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, பொண்ணு பார்க்க வர்றவங்ககிட்ட யாராச்சும் மெடிக்கல் ரிப்போர்ட்டை நீட்டுவாங்களா?"

"நீட்டணும்" என்றேன்.

திட்டக்குடியில் உரக்கடை வைத்திருக்கும் என் தம்பி அதற்கும் ஒரு படி மேலே போனான். "அக்கா, நீ சும்மா இரு. உனக்கு விக்கத் தெரியாது. வர்றவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்" என்றான். ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைப் பூட்டிவிட்டு பஸ் பிடித்து வந்தான். அவனுக்கு என் மேல் பாசம் உண்டு. அந்தப் பாசத்தால் எனக்கு நேர்ந்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

வந்தவர்களைப் பற்றிச் சொன்னால் நாள் முழுக்கச் சொல்லலாம். ஒருவர் செருப்பைக் கழற்றாமல் பூஜை அலமாரி வரை போனார். ஒருவர் செல்போனில் திசை காட்டியை வைத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றிவிட்டு, ஈசானிய மூலையில் கக்கூஸ் இருக்கிறதே, எப்படி இத்தனை வருஷம் இருந்தீர்கள் என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஒரு அம்மாள் நான் கட்டியிருந்த புடவையையும், நெற்றியையும் பார்த்துவிட்டு, தம்பியிடம் மட்டும்தான் பேசினாள். வீடு என் பேரில் இருக்கிறது, பத்திரத்தில் கையெழுத்து போடப் போவது நான். நான் என்னவோ அலமாரி மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

அந்தத் தாளைப் பார்த்து யாரும் சந்தோஷப்படவில்லை. சந்தேகப்பட்டார்கள். "இவ்ளோ சொல்றாங்கன்னா, சொல்லாதது எவ்ளோ இருக்கோ" என்று ஒரு பெண் என் காதில் விழும்படியே தன் புருஷனிடம் சொன்னாள். பொய் சொன்னவனை இந்த ஊர் நம்புகிறது. உண்மையைத் தாளில் எழுதிக் கொடுத்தால் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறது.

ஆனியில்தான் ஒரு நல்ல மனிதர் வந்தார். நல்லவர் என்று அப்போது நினைத்தேன். நெய்வேலிப் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை நிதானமாகப் படித்தார். பேனாவால் ஒவ்வொரு வரியாக டிக் அடித்துக்கொண்டே போய், விரிசலைப் பார்த்தார், தளத்தைப் பார்த்தார், குளியலறைக் கதவை இழுத்துப் பார்த்தார். "நீங்க எழுதிக் குடுத்தது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கும்மா. ரிப்பேர் எல்லாம் நான் பார்த்துக்கிறேன், விலையில அதுக்குக் கழிச்சுக்குங்க" என்றார். நியாயமான பேச்சு. கழித்துக்கொண்டோம். வெள்ளிக்கிழமை முன்பணத்தோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சிதம்பரம் வீட்டுத் திறவுகோலே கைக்கு வந்த மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை மனைவியோடு வந்தார். முன்பணம் வரவில்லை. நான் லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தேன். தம்பியும் வந்திருந்தான். காபியைக் கையில் வாங்கிக்கொண்ட அந்த அம்மாள், குடிக்காமல் கீழே வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தாள்.

"எதிர் வீட்டம்மா சொன்னாங்க. உங்க வீட்டுக்காரரு இங்கதான் தவறினாராமே. இந்த முன் ரூம்லயே. உங்க தம்பி பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியிலன்னு சொன்னாரே?"

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் சீலிங் ஃபேனைப் பார்த்தான். போன தடவை நான் அடுப்படியில் இருந்தபோது அந்த மனிதர் கேட்டிருக்கிறார், இவன் வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறான்.

"இங்கதாம்மா போனாரு" என்றேன்.

"அவிட்ட நட்சத்திரமாமே. நீங்க ரூமை அடைக்கவே இல்லியாமே?"

எங்கள் பக்கம் அப்படி ஒரு வழக்கம் உண்டு. அவிட்டம் மாதிரி சில நட்சத்திரங்களில் ஒருவர் இறந்தால், உயிர் போன இடத்தை ஆறு மாதத்துக்குப் பூட்டி வைக்க வேண்டும். அடைப்பு என்பார்கள். அப்படிச் செய்யாவிட்டால் அந்த வீட்டில் அடுத்தடுத்து சாவு விழும் என்று பயம். அவர் போன அன்றைக்கே, காரியம் செய்து வைக்க வந்த வாத்தியார் என்னிடம் சொன்னார். நான் கேட்கவில்லை. பூட்டுவதற்குப் பதிலாக அந்த அறையிலேயே பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, கோணிப்போன வாயால் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்குப் போகலாம் என்றார். கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் ஆசைப்பட்டு வந்து சேர்ந்த அறையைப் பூட்டிச் சாவியைத் தூக்கிப் போட எனக்குக் கை வரவில்லை. அந்தத் தெருவில் யாருக்கும் இது தெரியாமல் இல்லை.

ஓய்வு பெற்றவர் சட்டைப் பையிலிருந்து மடித்து வைத்த தாளை எடுத்தார். நான் கொடுத்த தாள்தான். டிக் அடித்த பக்கத்தை என் முன்னால் விரித்து வைத்தார்.

"எல்லாக் குறையும் எழுதின நீங்க, இதை மட்டும் ஏம்மா எழுதல?"

செப்டிக் டேங்க்குக்குக் கீழே, வயரிங்குக்கு மேலே, என் கணவரை எழுத வேண்டுமாம். முப்பது வருஷம் என்னோடு சண்டை போட்டு, சேர்ந்து சாப்பிட்டு, இந்தச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றிய மனிதர் ஏழாவது குறையாம்.

"என் வீட்டுக்காரர் செத்தது இந்த வீட்டு ரிப்பேர் இல்லைங்க" என்றேன்.

"கோவப்படாதீங்க. நாங்க வேண்டாம்னு சொல்லல" என்றார் அவர், ரொம்பப் பொறுமையாக. "ஒரு ஹோமம் பண்ணிடுங்க. இந்த ரூம் தரையைப் பேத்துட்டு வேற போட்டுக் குடுத்துடுங்க. மத்தபடி பேசின பேச்சுதான்."

சுவர் பிளந்திருப்பது அவருக்குப் பரவாயில்லை. தளம் ஒழுகுவதும் பரவாயில்லை. அந்த வீட்டிலேயே ஒழுங்காக இருந்தது முன் அறைத் தரை ஒன்றுதான். அதைத்தான் பெயர்க்கச் சொன்னார்.

"ஹோமத்துல நீங்க உக்கார முடியாது" என்று அந்த அம்மாள் சேர்த்துக்கொண்டாள். "உங்க தம்பியும் அவரு சம்சாரமும் உக்காரட்டும். சுமங்கலியா இருக்கணும்."

எட்டு மாதம் அவருக்கு வாயைத் துடைத்து, புண் வராமல் புரட்டிப் போட்டு, மூத்திரச் சட்டியை எடுத்தவள் நான். அவரை அந்த வீட்டிலிருந்து கழித்து விடும் சடங்கில் நான் உட்காரக் கூடாதாம், வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து போன என் தம்பி பெண்டாட்டி உட்கார வேண்டுமாம். நான் எழுந்து, அவர்கள் குடிக்காத காபியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். திரும்பி வரவில்லை. அவர்கள் போகும் சத்தம் கேட்ட பிறகுதான் வந்தேன்.

தம்பியை நான் அன்றைக்குப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அவன் அசரவில்லை.

"உனக்காகத்தானே சொன்னேன். அடுத்து வர்றவங்ககிட்டயும் அதான் சொல்லுவேன். நீ சிதம்பரம் வீட்டை வாங்கணுமா வேணாமா?"

"பொய் சொல்லி வாங்கணும்னு யார்டா அழுதா? ஆறு உண்மையை எழுதிக் குடுத்தேன். நீ ஒரு பொய்யைச் சொல்லி அத்தனையும் பொய்யாக்கிட்ட."

"அப்ப ஹோமத்தையாச்சும் பண்ணித் தொலை!"

பொய் சொல்ல மாட்டேன், ஒரு வாரம் நானும் அதை யோசித்தேன். பஸ்ஸில் போகும்போது யோசித்தேன், ஆபீசில் ஃபீஸ் ரசீது போடும்போது யோசித்தேன். ஒரு நாள் புகை போட்டுவிட்டால் வேலை முடிந்தது. யார் கேட்கப் போகிறார்கள், அவரா எழுந்து வந்து கேட்கப் போகிறார் என்றுகூட நினைத்தேன். வாத்தியாருக்கு போன் போடப் போன போதெல்லாம், வீட்டுக்குப் போகலாம் என்ற அந்தக் கோணல் வாய்தான் கண் முன்னால் வந்தது. அவர் இறந்தது தப்பு என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். நம்பரைப் பாதி போட்டுவிட்டு போனை வைத்துவிட்டேன்.

அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் எங்கள் பக்கம் யாரும் வீடு பார்க்க வர மாட்டார்கள். சிதம்பரத்து வீட்டுக்காரர் வேறு பள்ளிக்கூடத்துக்கே வந்து, "ஆவணி ஞாபகம் இருக்குல்ல மேடம்? வேற பார்ட்டி கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். சிரிப்பு ஒன்றுதான் குறைச்சல்.

ஆடி நடுவில் புரோக்கர் போன் பண்ணினார். குரலில் அப்படி ஒரு உற்சாகம்.

"ஒரு பார்ட்டி வருதும்மா. கிறிஸ்டியன். அவுங்களுக்கு ஆடி, அடைப்பு ஒண்ணும் கிடையாது. அவுங்க தலையில கட்டிடலாம்."

"கட்டுறதுக்கு அது என்ன திருட்டுச் சாமானா? வரச் சொல்லுங்க" என்று போனை வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு அப்படியே அந்தப் பெண் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். தனியாகத்தான் வந்தாள். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் லேப் வேலை என்றாள். தாளைப் படித்தாள். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு காலி பாட்டிலை எடுத்து போர் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போனாள். நாலு நாள் கழித்து சாயங்காலம் நான் பஸ் இறங்கி வரும்போது வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, தண்ணி லேசான உப்புன்னு எழுதியிருக்கீங்க. லேசா இல்ல, நல்லாவே உப்பு. இரும்பும் இருக்கு. தாளைத் திருத்திக்குங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அந்தப் பெண்ணை அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று. பேனா வாங்கித் திருத்தினேன். விலையில் அவள் அநியாயமாக ஒன்றும் கேட்கவில்லை. முன்பணமாகக் கொஞ்சம் கொடுத்தாள், மீதிக்கு பேங்க் லோன் போட்டாள். பேங்கிலிருந்து வந்த இன்ஜினியர் விரிசலைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய், ஒரு வழியாகச் சரி என்று எழுதிக் கொடுத்தார். ஆவணியில் ஒரு வியாழக்கிழமைக்குப் பத்திரப் பதிவு என்று நாளும் குறித்தாகிவிட்டது. எல்லாம் கூடி வருகிற நேரத்தில்தான் அவள் ஒரு நாள் வந்து, முன் அறை வாசலில் நின்றுகொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, சாரு இந்த ரூம்லதான் இருந்தாரா? கடைசில?"

அவ்வளவுதான். இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் அவள் தலையில் கொட்டியது. "ஆமாம்மா, இங்கதான் செத்தாரு! நட்சத்திரமும் வேணுமா? அவிட்டம்! எழுதிக்கோ! அடைக்கல, ஹோமம் பண்ணல, தரையையும் பேக்க மாட்டேன். வேணாம்னா முன்பணத்தை இப்பவே வாங்கிட்டுப் போ" என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் கத்தினேன்.

அவள் மிரண்டுபோய் நின்றாள். பிறகு சின்னக் குரலில் சொன்னாள்.

"அதுக்குக் கேக்கலக்கா. கட்டிலை எந்தப் பக்கம் போட்டிருந்தீங்கன்னு கேக்க வந்தேன். எங்கப்பாவுக்குப் போடணும்."

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவளும் எதிரில் தரையில் உட்கார்ந்து சொன்னாள். அப்பா லாரி ஓட்டியவர். நுரையீரலில் புற்று. டாக்டர்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பாவும் மகளும் ஒரு வாடகை வீட்டின் மாடியில் இருக்கிறார்கள். கீழே வீட்டுக்காரர் குடும்பம். அவர்கள் வீட்டில் அடுத்த மாதம் கல்யாணம். அதற்குள் காலி பண்ணிவிடுங்கள் என்று முதலில் ஜாடையாகச் சொன்னார்கள், பிறகு நேராகவே சொன்னார்கள். கல்யாண வீட்டு மாடியிலிருந்து சவப்பெட்டி இறங்கினால் நன்றாக இருக்குமா என்று கேட்டார்களாம். வேறு வாடகை வீடு தேடிப் போனால், கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறார்கள். படுத்த படுக்கையாக அப்பா என்றதும், வீடு காலி இல்லை என்கிறார்கள். பதினோரு வீடு ஏறி இறங்கினாளாம். அதனால்தான் லோன் போட்டாவது, விரிசலோ ஒழுகலோ, சொந்தமாக ஒரு கூரை வாங்கிவிடலாம் என்று கிளம்பியிருக்கிறாள்.

"வீட்டுக்காரர் எந்த ஆளுங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. வாயில் வந்துவிட்டது.

"எங்க சர்ச்சுதாங்கா. எனக்கு ஞானஸ்நானம் குடுத்தப்ப வந்து சாப்பிட்டவங்க."

அடைப்பு, அவிட்டம் எல்லாம் எங்களுக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அது இன்னொரு அடி. நட்சத்திரம் தெரியாதவர்களுக்கும் சாவு வாசற்படி தாண்டி வரக் கூடாது. எங்கேயாவது போய்ச் செத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். எங்கே என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

அவள் வந்த காரியத்தை இன்னும் கேட்கவில்லை. கையைப் பிசைந்துகொண்டே கேட்டாள். "பத்திரத்துக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்குக்கா. சனிக்கிழமைக்குள்ள காலி பண்ணணும்னு சொல்லிட்டாங்க. அப்பாவை முன்னாடியே இங்க கொண்டாந்துடலாமா? வாடகை குடுத்துடறேன்."

தம்பிக்கு இது தெரிந்தபோது திட்டக்குடியிலிருந்து போனிலேயே குதித்தான்.

"உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? பத்திரம் ஆவறதுக்குள்ள அந்தாளு பூட்டாருன்னு வை, அந்தப் பொண்ணு எதுக்கு வாங்கப் போவுது? அப்பாவுக்காகத்தானே வாங்குது? ரெண்டு சாவு விழுந்த வீடுன்னு ஆயிடுச்சுன்னா அப்புறம் நாய்கூட சீண்டாது. சிதம்பரம் வீடும் போவும். கடைசி வரைக்கும் அங்கயே கெடந்து சாவப் போறியா?"

புரோக்கரும் அதையே கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார். அவர்கள் சொன்னதில் கணக்குப் பிசகு எதுவும் இல்லை. நானும் சிதம்பரம் வீட்டுக்கு எழுதிய தாளை எடுத்து இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். பெரிய மனசு, தியாகம் என்றெல்லாம் யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியங்களில் பாதி, கோபத்தில் செய்தவை. கடைசியில் தம்பி சொன்ன அந்த வார்த்தைதான் எனக்கு வீம்பைக் கிளப்பியது. அங்கேயே கிடந்து சாவது என்ன அவ்வளவு கேவலமா? என் வீட்டுக்காரர் அதைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் என் துணிமணிகளை இரண்டு பையில் போட்டுக்கொண்டு, சிதம்பரத்தில் கூட வேலை பார்க்கிற டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டேன். போகும் வழியில் சாவியை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். வாடகை வாங்கவில்லை. கட்டிலை ஜன்னல் ஓரமாகத் தெற்கே தலை வைத்துப் போடு, காற்று அந்தப் பக்கம்தான் வரும் என்று சொன்னேன்.

ஆறாவது நாள் மத்தியானம் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். பெண் அடுப்படியில் இருந்தாள். நான் முன் அறையில் நுழைந்ததும் அந்த மனிதர் படுக்கையிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தார். எழுந்திருக்கிற உடம்பா அது? குச்சி மாதிரி இருந்தார். "படுங்க, படுங்க. நான்தான் வீட்டுக்காரம்மா" என்றேன். இரண்டு கையையும் கூப்பினார். பேசினால் மூச்சு வாங்கும் என்று நானும் பேச்சுக் கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, வாங்கிப் போன சாத்துக்குடியை வைத்துவிட்டுக் கிளம்பினேன். வாசல் வரைக்கும் அவர் கண் என் மேலேயே இருந்தது. புது மனுஷியைப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதாவது நாள் காலையில் அவர் போய்விட்டார். பத்திரத்துக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

மாலை வாங்கிக்கொண்டு போனேன். தம்பியும் வந்தான். துக்கத்துக்கு இல்லை, அவள் பின்வாங்கப் போகிறாளா என்று பார்க்க. எதிர் வீட்டம்மா கேட்டுக்கு வெளியிலேயே என் கையைப் பிடித்து, "ரெண்டாவது ஆயிடுச்சு, பார்த்தியா?" என்றாள். நான் கையை உருவிக்கொண்டு உள்ளே போனேன்.

ஜன்னல் ஓரத்தில் பெட்டி இருந்தது. அந்தப் பெண் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, யாரும் கேட்காமலேயே, "வியாழக்கிழமை பத்திரத்துக்கு வந்துடறேங்கா" என்றாள். என் தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவள் சொன்னபடியே வந்து கையெழுத்தும் போட்டாள். நான் இப்போது சிதம்பரத்து வீட்டில் இருந்துதான் இதை எழுதுகிறேன்.

ஆனால் அன்றைக்கு அவள் அதோடு விடவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"நீங்க அன்னிக்கு வந்துட்டுப் போனீங்கல்ல? நீங்க போனதும் அப்பா என்னைக் கூப்பிட்டு, வீட்டுக்காரம்மா எப்ப காலி பண்ணச் சொன்னாங்கன்னு கேட்டாரு. ஒண்ணும் சொல்லலப்பா, பழம் குடுத்துட்டுப் போனாங்கன்னேன். நம்பல. மூணு தடவ கேட்டாரு. அதுக்கப்புறம்தாங்கா நல்லாத் தூங்கினாரு. உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாரு."

ஐம்பது வருஷம் லாரி ஓட்டிய மனிதர். பெற்ற மகள் தன் பேரில் கடன் வாங்கி வாங்கப் போகிற வீட்டில், கடைசி மூச்சுக்கு மூன்று நாள் முன்னால், யாரோ வந்து எழுந்து போ என்று சொல்லாததற்கு நன்றி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவருக்கு அழுவதா, இதைச் செய்து வைத்திருக்கிற நம் எல்லோரையும் விளக்குமாற்றால் அடிப்பதா என்று தெரியாமல், மாலையைக் கையில் வைத்துக்கொண்டே நான் நின்றேன்.